ராக்கப்பன் எனக்கு நெருங்கிய நண்பர் அல்லர்

1

என் மகன் கண்ணனுக்கு ஒன்பது வயது. அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பதினொன்று. அதில் ஆறு சாப்பாடு, மூன்று வசவு, மீதி இரண்டு அப்பா, அத்தை. வசவு மூன்றும் நான் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டபோது அவனாகக் கற்றுக்கொண்டவை. கோபே நகரத்துப் பிள்ளைக்கு இதுவே அதிகம் என்று என் மனைவி மிச்சிகோ சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்தது நான்கு.

கண்ணன் வாரம் தவறாமல் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்குகிறான். இங்கே அதை மங்கா என்பார்கள். செங்கல் பருமனில் இருக்கும், பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். அதில் அவன் உயிரை விடுவது ஒரு தீவுக் கதைக்காக. மீன்பிடிக்கிறவர் மகன் ஒருவன், கப்பல் முதலாளி மகன் ஒருவன், இருவரும் ஒரே புதையலைத் தேடிப் போகிறார்கள். ஒருவன் படகில் இன்னொருவன் ஓட்டை போடுகிறான். ஒருவன் ஏறும் கயிற்றை இன்னொருவன் அறுக்கிறான். சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது கண்ணன் அறிவித்தான். அவன் ஜப்பான் பாஷையில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

"இன்னும் ரெண்டே வாரத்துல இவங்க ரெண்டு பேரும் கூட்டாளி ஆயிடுவாங்க, பாருங்கப்பா."

"கயித்தை அறுத்தவன் எப்படிடா கூட்டாளி ஆவான்?"

"அவன் எதிரிப்பா, கெட்டவன் இல்ல. கெட்டவன் வேற. ரெண்டு பேரையும் விடப் பெரிய ஆபத்து ஒண்ணு வரும். அப்ப இவன் திரும்பி வந்து காப்பாத்துவான். காப்பாத்திட்டு, 'தப்பா நெனைக்காத, உனக்காக வரல'ன்னு சொல்லுவான். எல்லாக் கதையிலயும் இப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கும் ஊர்ல ஒரு எதிரி இருக்கான். பேசிப் பதிமூணு வருஷமாச்சு. ஒண்ணும் ஆகல."

கண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் வரலயில்ல. அதான்."

ஆபத்து ஏற்கெனவே என் சட்டைப்பையில் இருந்தது. அன்று காலை வந்த கடிதம். அதைப் பற்றிச் சொல்லும் முன் ராக்கப்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில், எங்களுக்கு அடுத்த அறையில், அதாவது காம்பராவில், இருந்தவன் ராக்கப்பன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அண்ணே என்று கூப்பிட வேண்டியவனை நான் பேர் சொல்லியே கூப்பிட்டேன். அவன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் நான் பக்கத்து நிரையில் நின்று அவனுக்கு முன்னால் முடிக்கப் பார்ப்பேன். அவன் கபடிக்கு ஒரு கட்சி சேர்த்தால் நான் எதிர்க்கட்சி சேர்ப்பேன். காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. தோட்டத்தில் பொழுதுபோக்கு குறைவு, அவ்வளவுதான்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதன், ரதி, சிவன், பார்வதி எல்லாம் ஆண்கள்தான். வேஷம் கட்டுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். ஒரு தடவை காப்புக் கட்டினால் மூன்று வருஷம் அதே வேஷத்தைச் செய்தே தீர வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துக் கட்டுப்பாடு. நானும் ராக்கப்பனும் மன்மதனுக்குப் போட்டி போட்டோம். கூத்து வாத்தியார் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"சுப்பையா நெட்டை, அவன் மதன். ராக்கப்பா, ஒனக்குக் கொரல் இருக்கு. நீ ரதி."

"இவனுக்குப் பொண்டாட்டியாவா?" என்றான் ராக்கப்பன்.

"மூணு வருஷத்துக்குத்தான்" என்றார் வாத்தியார்.

முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினோம். சோடி நன்றாக இருப்பதாக லயத்துப் பெண்கள் சொன்னது எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. இரண்டாம் வருஷம் வந்தது வினை.

ராத்திரி முழுக்கக் கூத்து நடந்தால் மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் வராது என்று துரை தடை போட்டிருந்ததால், நாங்கள் எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவோம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், வைக்கோல் கற்றை எரியும், மன்மதன் விழுந்து சாவான். வெள்ளைத் துணியால் மூடுவார்கள். ரதி அழுது பாடி, சிவனிடம் மன்றாடி, புருஷனை உயிர்ப்பிக்க வேண்டும். பாட்டு கால்மணி நேரம்.

மாசியில் வராத மழை அன்றைக்கு வந்தது. நான் ஈரப் புல்லில் செத்துக் கிடந்தேன். அட்டைகள் வந்தன. ஒன்று காலில், ஒன்று காதுக்குப் பின்னால், ஒன்று சொல்ல முடியாத இடத்தில். செத்தவன் சொறிய முடியாது. ராக்கப்பனுக்கு அட்டை ஏறுவது தெரிந்தது. துணியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தான், பிறகு நிதானமாக ஆரம்பித்தான். ஒவ்வொரு அடியையும் மூன்று தடவை பாடினான். பாட்டு முடிந்ததும் வாத்தியார் எழுதாத அடிகளைத் தானே கட்டிப் பாடினான். என் நாதன் கவ்வாத்து வெட்டத் தெரியாதவன், என் நாதன் கபடியில் கால் இடறி விழுந்தவன், என் நாதன் குறட்டை பக்கத்துக் காம்பரா வரைக்கும் கேட்கும். சனம் சிரித்துச் சிரித்து அழுதது. முக்கால் மணி நேரம் ஆனது.

நான் துணியை வீசிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். ரதியைப் பார்த்து, சிவனும் பார்வதியும் கேட்க, என் மகனுக்கு இப்போது தெரிந்த மூன்று வசவையும் சொன்னேன்.

சிவன் உயிர் கொடுப்பதற்கு முன்னால் மன்மதன் எழுந்தது எங்கள் தோட்டத்தில் அதுவரை நடந்ததில்லை. வாத்தியார் அங்கேயே மயங்கி விழுந்தார். அந்த வருஷம் எது நடந்தாலும் என் தலையில் விழுந்தது. கொழுந்து குறைந்தது என்னால். பாலம் உடைந்தது என்னால். துரையின் நாய்க்குச் சொறி வந்ததும் நான் எழுந்து உட்கார்ந்ததால்தான் என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே சொன்னார். ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு கொழும்புக்குப் போய், கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, கோபேயில் இறங்கி, ஒரு துணி வியாபாரி வீட்டு அடுப்படியில் நிலைத்துவிட்டேன். மிச்சிகோ அந்த வீட்டுக்குத் துணி தைக்க வந்தவள். ராக்கப்பனிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

3

இப்போது அந்தக் கடிதம்.

இங்கே வெளிநாட்டார் பதிவுக்கு என்னிடம் இருந்தது கப்பல் காலத்துப் புத்தகம் ஒன்றுதான். அது நைந்துபோய்விட்டது. பதிவுக்கூடத்தில் நான் எந்த நாட்டவன் என்று கேட்டார்கள். நான் பேசுவது பெண்கள் பேசும் ஜப்பான் பாஷை. மனைவியிடம் கற்றால் அப்படித்தான் வரும். நான் பணிவாகவும் நாணத்தோடும் விளக்கியதைக் கேட்டு அந்தக் குமாஸ்தா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, ஆறு மாதத்துக்குள் குடியுரிமைக் காகிதம் வேண்டும், இல்லாவிட்டால் இங்கே இருக்க முடியாது என்றார்.

முன்னோர் அங்கிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் என்பதால் இந்தியாவுக்கு எழுதினேன். நீங்கள் இலங்கை என்றார்கள். இலங்கைக்கு எழுதினேன். நீங்கள் இந்தியா என்று முதலில் சொன்னார்கள். பிறகு, தோட்டத்தில் பிறந்ததாக நிரூபித்தால் பார்க்கலாம் என்று கொழும்பில் ஒரு காரியாலயத்திலிருந்து பதில் வந்தது. என் சட்டைப்பையில் இருந்தது அதுதான். சிறு வயதிலிருந்து என்னை அறிந்த ஒருவர், உறவினரோ நெருங்கிய நண்பரோ அல்லாத ஒருவர், சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும்.

லயத்தில் பிறந்தவனைக் கேட்டால் தெரியும். இரண்டு பக்கமும் இருபது காம்பரா. மாமன், மச்சான், சித்தப்பா, இல்லாவிட்டால் கூட்டாளி. உறவும் இல்லாமல் நட்பும் இல்லாமல் என்னைப் பிறந்த நாள் முதல் அறிந்தவன் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

ராகலையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு எழுதினேன். அவள் இரண்டு பஸ் மாறி நோர்வூட்டுக்குப் போனாள். ராக்கப்பன் தேத்தண்ணி கொடுத்து உபசரித்திருக்கிறான்.

"நீங்க கேக்குறீங்களா அக்கா, அவன் கேக்கச் சொன்னானா?"

"அவன்தான் தம்பி கேக்கச் சொன்னான்."

"அப்ப அவனே எழுதிக் கேக்கட்டும்."

அந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது. "ராக்கப்பா, ஒரு உதவி வேண்டும்" என்று எழுதிவிட்டு, வேண்டும் என்பதை அடித்து, தேவைப்படுகிறது என்று மாற்றி, மறுபடியும் வேண்டும் என்றே எழுதினேன்.

4

சத்தியக் கடதாசியின் நகலை அவன் எனக்கும் அனுப்பினான். ஹட்டனில் பெட்டிஷன் எழுதுகிறவரிடம் அவன் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீசில் தட்டெழுதியது. நம் பாஷையில் அது இப்படி இருக்கும்:

மேற்படி சுப்பையா பிறந்த அன்று என் தாயார் பிரசவம் பார்க்கப் போய்விட்டதால் நான் பகல் முழுதும் பட்டினி கிடந்தேன். ஆகையால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் ஆறு வயதில் என் சேவலைக் கல்லால் அடித்தார். சேவல் நொண்டியாகிவிட்டது.

பதினேழு வயதில் கவ்வாத்துக் கத்தியை எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. இன்றுவரை தரவில்லை.

இரண்டு வருடம் மாசி மாதத்தில் நான் இவருக்கு மனைவியாக இருந்தேன். இறந்த பிறகு எழுந்து உட்கார்ந்து என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். அதன் பின் எங்களுக்குள் பேச்சு இல்லை.

கூடவே எனக்கு ஒரு துண்டுக் கடிதம். "டேய் சுப்பையா, தப்பா நெனச்சுக்காத. ஒனக்காக எழுதிக் குடுக்கல. ஒன்னையத் திட்டணும்னா நீ எந்த நாட்டுல இருக்கிறவன்னு எனக்குத் தெரியணும்ல."

இதைக் கண்ணனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் சாப்பாட்டை விட்டுவிட்டு வீடு முழுக்க ஓடினான். அந்த ஆள் புத்தகம் படிப்பாரா, எந்த வாரப் புத்தகம், கதையில் வரும் எதிரியைப்போலக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவாரா என்று துளைத்தெடுத்தான். சேலை கட்டுவார் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

காரியாலயத்துக்கும் புரியவில்லை. மூன்று கேள்விகளோடு எனக்கு ஒரு கடிதம் வந்தது. சாட்சி சொல்பவர் ஆணா பெண்ணா? மனைவி என்றால் அவர் உறவினர் ஆகிறாரே, விவாகம் எப்போது முடிவுற்றது? கடைசியாக, விண்ணப்பதாரர் இறந்துவிட்டதாகச் சத்தியம் செய்யப்பட்டிருக்கிறது, அப்படியானால் இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் யார்?

நான் உயிரோடு இருப்பதாக ஒரு கடிதம் எழுதினேன். செத்தவன் எழுதியதை யார் நம்புவார்கள்? இங்கே ஆறு மாதத்தில் நாலு மாதம் போய்விட்டது. கண்ணனையும் மிச்சிகோவையும் விட்டுவிட்டு எங்கே போவது? பெருமையை விட்டு ராக்கப்பனுக்கு நாலு பக்கம் எழுதினேன்.

அவன் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு ஹட்டனில் ரயில் ஏறிக் கொழும்புக்கே போயிருக்கிறான். அதை அவன் எழுதியபடியே தருகிறேன்.

"வெளக்கிச் சொன்னேன், வெளங்கல. சிங்களத்துலயும் சொன்னேன், ஒரு பெரிய ஐயா மட்டும் தலையாட்டுனாரு. சரின்னு தோள்ல கெடந்த துண்ட முக்காடு போட்டுக்கிட்டு மேசைக்கு முன்னாடி ஆடிக் காட்டுனேன். நீ செத்த எடத்துல ஒரு பியோன் தம்பியப் படுக்க வச்சேன். பாதிப் பாட்டுலயே போதும் போதும்னு முத்திரை குத்திட்டாங்க. அந்தத் தம்பி நல்லாச் செத்துச்சு, ஒன்ன மாதிரி எந்திரிக்கல."

காகிதம் வந்தது. பதிவுக்கூடத்துக் குமாஸ்தா அதில் முத்திரை வைத்த அன்று நான் மீன் வாங்கி, மிளகாய் அரைத்து, ஊர்க்குழம்பு வைத்தேன். அன்றிலிருந்து ராக்கப்பனும் நானும் மாதம் மூன்று கடிதம் எழுதிக்கொண்டோம். அவன் மகளுக்குக் காதுகுத்து, எனக்கு முதுகுவலி, அவன் இருமல், இங்கே பனி. பதின்மூன்று வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. இத்தனை நல்ல மனிதனை எப்படி வெறுத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவனுக்கு எழுதவும் செய்தேன். "எனக்கும் அதேதான். ஆனா சேவலு சேவலுதான்" என்று பதில் போட்டான்.

5

பிறகு அவனுக்கு நோட்டீஸ் வந்தது.

"மூணு காம்பரா பூட்டிக் கெடக்கு சுப்பையா. இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தத் தலைமன்னாருக்குப் போன ரயில்ல எல்லாரும் ஏறிட்டாங்க. எனக்கும் விசாரணை வச்சிருக்காங்க. இந்தியாவுல எந்த ஊருன்னு கேக்குறாங்க. எங்கப்பா திருச்சின்னு சொல்லுவாரு. திருச்சி மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. அங்க போய் யாரு கதவத் தட்டுறது?"

அவனுக்கும் சத்தியக் கடதாசி வேண்டுமாம். அவனை நெடுங்காலம் அறிந்த ஒருவர், ஏற்கெனவே காகிதம் கிடைத்த ஒருவர். எங்கள் லயத்தில் பிறந்தவர்களில் காகிதம் கிடைத்த ஒரே ஆள் கோபேயில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அதற்கும் ஒரு நிபந்தனை. உறவினரோ நெருங்கிய நண்பரோ அல்லாதவராக இருக்க வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்தேன். சேவல், கத்தி, கபடி எல்லாம் சுலபமாக வந்தன. கடைசி வரியில் கை நின்றுவிட்டது. "இவர் எனக்கு நெருங்கிய நண்பர் அல்லர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதின்மூன்று வருஷம் அது சத்தியமான உண்மை. அப்போது யாரும் எழுதிக் கேட்கவில்லை.

கண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

"என்னப்பா எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"பொய்தானே?"

"ஆமா."

"எழுதலேன்னா?"

"ராக்கப்பன் மாமாவை ரயில்ல ஏத்திடுவாங்க."

அவன் யோசித்தான். அவன் புத்தகத்தில் எதிரிகள் நண்பர்களாகி ஒரே படகில் துடுப்புப் போடத் தொடங்கிவிட்டார்கள். நண்பர்கள் நண்பர்கள் இல்லை என்று சத்தியம் செய்கிற பக்கம் அதில் வரவில்லை. "அப்ப எழுதுங்கப்பா" என்றான்.

எழுதினேன். இந்தக் குறிப்பைக் காரியாலயத்தைச் சேர்ந்த யாராவது படிக்க நேர்ந்தால், இது ஆரம்பம் முதல் கடைசிவரை கட்டுக்கதை என்று தயவுசெய்து வைத்துக்கொள்ளவும்.

6

ராக்கப்பன் இதோடு விடவில்லை. "விசாரணை முடியிறவரைக்கும் ஒறைக்குள்ள போட்டுக் கடுதாசி அனுப்பாத. கார்டுல எழுது. தபால்காரரு, கணக்கப்பிள்ளை, எல்லாரும் படிக்கட்டும். நல்லாத் திட்டு" என்று எழுதினான்.

நான்கு மாதம் திட்டினேன். நேரம் எடுத்துத் திட்டினேன். மிச்சிகோ காலையில் தேநீர் வைக்கும்போது நான் கார்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன்.

"ராக்கப்பா, உனக்கு இருமல் நிற்கவில்லை என்று அக்கா எழுதினாள். சந்தோஷம். அவள் கொண்டுவரும் கஷாயத்தைத் தொடாதே. தொட்டால் பிழைத்துவிடுவாய்."

"சுப்பையா, ஒன் மகனுக்குத் தமிழ் வெளங்காதாமே. கொடுத்து வச்ச புள்ள. நீ பேசுறத அவன் கேக்க வேண்டியதில்ல."

"ராக்கப்பா, உன் மகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தாளாமே. தாயைக் கொண்டு பிறந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பேனா அனுப்புகிறேன். நீ அதைத் தொடக்கூடாது."

விசாரணைக்கு ஒரு மாதம் முன்னால் கார்டு நின்றது. பதில் வராமல் யாரைத் திட்டுவது என்று நானும் நிறுத்தினேன். தினமும் மதியம் தபால் வரும் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி வாசலுக்குப் போவேன். முதலாளியம்மா கேட்டால் கருவேப்பிலைச் செடியைப் பார்க்கிறேன் என்பேன். கோபேயில் கருவேப்பிலைச் செடி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். குழம்பில் இரண்டு நாள் உப்புப் போட மறந்தேன். அவரே போட்டுக்கொண்டார்.

முந்தாநாள் கார்டு வந்தது. அடுப்படியில் நின்றபடியே படித்தேன்.

"விசாரணை நடந்துச்சு. ஒன் கார்டையெல்லாம் கட்டிக் கொண்டுபோயி மேசையில வச்சேன். ரெண்டு கார்ட வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு பெரிய ஐயா. இவ்வளவு கேவலமா எழுதுறவன் கூட்டாளியா இருக்க முடியாதுன்னுட்டாரு. காகிதம் குடுத்துட்டாங்க. புள்ளைக்கும் சேத்து. இனிமே நீ மரியாதையா எழுதலாம்."

மூன்று தடவை படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை, சத்தமாகவே வந்தது. தையல் அறையிலிருந்து மிச்சிகோ ஓடி வந்தாள். என் கையில் ஊர் முத்திரை போட்ட கார்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் போகல" என்றேன். "ராக்கப்பன் எங்கேயும் போகல. நோர்வூட்டுலயே இருக்கான்."